மடக்கு சைக்கிளில் செயின் உரசுகிறதா? மூஞ்சிக்கல் பக்கம் ஒரு கடை இருக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ரசீது கிடையாது, உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் பாதி நேரம் பழைய நட்டு போட்ட டப்பாதான் உட்கார்ந்திருக்கும். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலிருந்து கீழே இறங்கும் ஒரு சந்தில் தகரக் கொட்டகை, வாசலில் நாலைந்து துருப்பிடித்த ரிம்கள் தொங்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவருக்கு அறுபதை ஒட்டிய வயது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, சீசன்ல இப்பவே மூச்சு விட நேரமில்ல" என்றார். அதனால் அவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

என் சைக்கிள் நடுவில் கொண்டி போட்டு இரண்டாக மடக்குகிற வகை. 20 இஞ்ச் சக்கரம், முன்னால் 52 பல் வைத்த ஒரே பல்சக்கரம், பின்னால் 7 கியர் ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் குட்டிச் சக்கர சைக்கிள் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அம்மா வீடு பெரியகுளத்தில். மாதம் இரண்டு முறை பஸ்ஸில் இறங்குவேன், டிக்கியில் சைக்கிளை மடக்கிப் போட்டுவிட்டால் கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கும் வயலுக்கும் அதிலேயே சுற்றலாம், ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டாம். மேலே இருக்கும்போது ஏரி ரோடு. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை கரை கட்டி ஏரியை உருவாக்கினார், அதைச் சுற்றி ஓடும் சுமார் 5 கிலோமீட்டர் ரோடுதான் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் மூச்சு வாங்காமல் மிதிக்க முடிகிற ரோடு. வாடகை சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் அங்கேயே நிற்பதும் அதனால்தான். அந்த வாடகை சைக்கிள்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணனுக்குக் கை பழகியிருக்கிறது.

சத்தம் தொடங்கியது போன டிசம்பரில். பெரியகுளத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் ஏரி ரோட்டில் மிதித்தால் கர்ர் கர்ர் என்று எங்கேயோ உரசுகிறது. செயின் காய்ந்து போயிருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய். (சிரிக்க வேண்டாம், அப்புறம் அண்ணன் சிரித்ததே போதும்.) நம் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும் என்பது தெரிந்தும், அடுப்புப் பக்கம் வைத்து உருக்கி, செயின் முழுக்க ஊற்றினேன். இரண்டு நாள் சத்தம் கொஞ்சம் அமுங்கியது. மூன்றாம் நாள் அது செயினிலேயே உறைந்து, ரோட்டுப் புழுதியை எல்லாம் இழுத்துப் பிடித்து, கறுப்புக் களிம்பாக ஆகிவிட்டது. சத்தம் இப்போது கர்ர் என்பதோடு நடுவில் டிக், டிக் என்று வேறு.

அடுத்த முறை கீழே போனபோது ஒரு பெரிய ஷோரூமில் விட்டேன். பெயர் வேண்டாம். ஏசி, காபி எல்லாம் உண்டு, டீ-சர்ட் போட்ட பையன் மரியாதையாகத்தான் பேசினான். சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினான், பெடலைக் கையால் சுற்றினான், ஏதோ ஸ்ப்ரே அடித்தான், 450 ரூபாய். "செயினும் ஃப்ரீவீலும் தேஞ்சு போச்சு சார், ரெண்டையும் மாத்தணும், 2,400 ஆகும், ஸ்டாக் வந்ததும் சொல்றோம்." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மலையேறி வந்த மறுநாளே சத்தம் பழையபடி, கூடவே இப்போது மூன்றாவது கியர் போட்டால் நான்காவதுக்குத் தானாகவே தாவுகிறது. 450 போனது போகட்டும், அந்தப் பையன் ஒரு தடவைகூட சைக்கிளை ஓட்டிப் பார்க்கவில்லை, மடக்கியும் பார்க்கவில்லை. இதை அப்போது நான் கவனிக்கவில்லை என்பதுதான் என் தப்பு.

அண்ணன் கடையைச் சொன்னது ஏரி ரோட்டில் வாடகை சைக்கிள் விடுகிற ஒருவர். "அங்க போங்க, ஆனா அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

போனதும் சைக்கிளைக் கையில் வாங்கவே இல்லை. "நீங்க ஓட்டுங்க, நான் கேக்குறேன்" என்றார். சந்தில் மேலும் கீழும் இரண்டு நடை. அப்புறம் அவரே ஏறினார். அந்த உயரத்துக்கு அந்தச் சைக்கிளில் முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்தது, மேட்டில் ஏறும்போது தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. இறங்கி வந்து சொன்னார்: "ஒரு சத்தம் இல்ல தம்பி. மூணு சத்தம்."

எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் சைக்கிளுக்கும் உதவலாம். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒரு தடவை சத்தம் வந்தால் கோளாறு முன்னால், பெடல் பக்கம். பெடலை வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் விடாமல் கரகர என்று வந்து, கியர் மாற்றினால் சத்தமும் மாறினால் கோளாறு பின்னால். சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு டிக் டிக் டிக் என்று, அதுவும் முதல் கியரில் மேடு ஏறும்போது மட்டும் வந்தால், உடனே இறங்கிவிடு, தள்ளிக்கொண்டே வா. என்னுடையதில் மூன்றும் ஒன்றாக வந்ததால் எனக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டிருக்கிறது.

அண்ணனிடம் ஸ்டாண்டு கிடையாது. உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு தொங்குகிறது, ஒன்றில் சீட்டு, இன்னொன்றில் ஹேண்டில்பார். மாட்டிவிட்டு நேராகப் பின்னால் போய்க் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பின் கியரில், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளுகிற பாகத்தில், இரண்டு குட்டிச் சக்கரம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், அவை ஃப்ரீவீல் பல்லுக்கு நேர்கீழே செங்குத்தாகத் தொங்க வேண்டும். என்னுடையதில் கீழ்ச் சக்கரம் உள்பக்கமாக, ஸ்போக்ஸைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதாவது கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டை, ஹேங்கர் என்பார்கள், வளைந்துவிட்டது.

"எது மேல விழுந்துச்சு?" என்றார். விழவே இல்லை என்றேன். "அப்ப எது இது மேல விழுந்துச்சு?"

அப்போதுதான் உறைத்தது. பெரியகுளம் போன அன்று டிக்கியில் நான் சைக்கிளைச் செயின் பக்கம் மேலே தெரிகிற மாதிரிப் படுக்க வைத்தேன், எனக்கு அப்புறம் ஏறியவர்கள் வடுகபட்டிக்குக் கொண்டுபோகும் மலைப்பூண்டு மூட்டைகளை அதன்மேல் அடுக்கினார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டுதான், இருந்தாலும் மூட்டை மூட்டைதானே. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது என் கியர்மேல் ஒரு அழுத்து அழுத்தியிருக்கும். மூட்டைக்காரர்மேல் குற்றமில்லை, செயின் பக்கத்தை மேலே வைத்தது நான்.

இந்த வகை சைக்கிளுக்கு இது ஒரு பிறவிக் குறை. சட்டத்தின் நடுவில் மடங்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் மடக்கிய பிறகும் செயினும் கியரும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி 1970-களில் வடிவமைத்த பிராம்ப்டன் சைக்கிளில் மடக்கினால் செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ளே போய்விடும், கறையும் படாது, அடியும் படாது. அதன் விலைக்கு நான் இன்னும் பல வருஷம் பூண்டு மூட்டையோடுதான் பயணம் செய்ய வேண்டும். போதாக்குறைக்குச் சக்கரம் சின்னது என்பதால் பின் கியர் தரையிலிருந்து நாலைந்து விரல் உயரத்தில்தான் தொங்குகிறது. பெரிய சைக்கிளில் சேறு தெறிக்காத இடமெல்லாம் இதில் குளிக்கும்.

ஹேங்கரை நிமிர்த்த ஷோரூம்களில் நீளமான கருவி ஒன்று வைத்திருப்பார்கள். அண்ணன் செய்தது வேறு. பின் கியரைக் கழற்றினார், மூலையில் கிடந்த ஒரு பழைய கியர் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்தார், அதன் அச்சு முனையை அப்படியே ஹேங்கர் ஓட்டையில் திருகினார். இரண்டுக்கும் ஒரே மரை, 10 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். இப்போது என் சக்கரமும் பழைய சக்கரமும் பக்கத்துப் பக்கத்தில் தோசைக்கல் மாதிரி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி மேலே, கீழே, முன்னே, பின்னே நாலு இடத்திலும் ஒன்றாக இருந்தால் ஹேங்கர் நேர். அளக்க ஒரு ஒடிந்த ஸ்போக்ஸ். கீழே மட்டும் ஒரு விரல் அகலம் குறைந்தது. அந்தப் பழைய சக்கரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார், அளந்தார், நெம்பினார், அளந்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். "இது இரும்பு, நிமிரும். அலுமினியமா இருந்தா ஒரு தடவைக்கு மேல தாங்காது, விரிசல் விட்டுரும், புதுசுதான் போடணும்" என்றார்.

அந்த டிக் டிக் என்னவென்றால், சாய்ந்த கியர் முதல் கியரில் ஸ்போக்ஸை மெல்ல உரசியிருக்கிறது. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் இம்மியளவு வளையும் இல்லையா, அப்போது மட்டும் தொடும். ஸ்டாண்டில் கையால் சுற்றினால் ஜென்மத்துக்கும் கேட்காது. "இன்னும் ஒரு நூல் உள்ள போயிருந்தா கியரு கம்பிக்குள்ள சிக்கியிருக்கும், சக்கரம் அப்படியே நின்னுரும், நீங்க முன்னால போயிருப்பீங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பின் கியரில் எச், எல் என்று பொறித்த இரண்டு குட்டித் திருகுகள் உண்டு, எல்லைக்கோடு மாதிரி, அதைத் தாண்டி கியர் நகராது. ஹேங்கர் நேரான பிறகுதான் அவற்றைத் தொட்டார். ஷோரூம் பையன் ஹேங்கரைப் பார்க்காமலே அவற்றைத் திருகியிருந்தான் போல என்றார்.

பெடல் பக்கத்துச் சத்தம் சின்ன விஷயம். பல்சக்கரத்துக்கு வெளியே பேண்ட் மாட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்குமே, அதில் ஒரு திருகு விழுந்துபோய், தட்டு ஒரு இடத்தில் உள்ளே மடிந்து செயினைத் தொட்டது. புதுத் திருகு, இடையில் ஒரு வாஷர். முடிந்தது.

செயின் தேய்ந்துவிட்டதா என்று கேட்டேன், 2,400 ரூபாய் மனசில் இருந்தது. கறுப்புக் களிம்பைப் பார்த்து முகர்ந்தார். "என்ன தம்பி, தலைக்கு வெக்கிறத செயினுக்கு வெச்சிருக்கீங்க?" அப்புறம் டீசலில் நனைத்த பிரஷ்ஷால் கால் மணி நேரம் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இஞ்ச். ஆக 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். அரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) கூடியிருந்தால் செயினை மாற்று. ஒரு நூல் கூடியிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் போச்சு, ஏனென்றால் நீண்ட செயின் பல்லையும் தன் அளவுக்குத் தின்றிருக்கும். என்னுடையதில் பின் 12 இஞ்ச் கோட்டை விட்டு முடி அளவுதான் நகர்ந்திருந்தது. "ஓட்டுங்க, இன்னும் நாளு கெடக்கு." ஆசாரிப் பட்டறையில் நூல் கணக்குக் கேட்டு வளர்ந்தவன் நான், அந்தக் கணக்கில் செயினை அளந்து காட்டியதும் இந்த ஆளை முழுசாக நம்பிவிட்டேன்.

எண்ணெய் போட்டது தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய ஒன்று, கண்ணிக்கு ஒரு சொட்டு, உள்பக்கம் மட்டும். பத்து நிமிஷம் விட்டு வெளிப்பக்கத்தை முழுசாகத் துடைத்துவிட்டார். உள்ளே உருளையில்தான் எண்ணெய் வேண்டும், வெளியே இருப்பது புழுதி பிடிக்கத்தான் ஆகும். மஞ்சு இறங்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துடைத்துப் போடச் சொன்னார். ஸ்ப்ரே பற்றிக் கேட்டேன், டபிள்யூடி-40 துருவை இளக்க, ஈரத்தை விரட்ட நல்லது, அந்தச் சாதாரண டப்பாவையே செயினுக்கு எண்ணெய் என்று நம்பினால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார்.

கடைசியில் செய்ததுதான் எனக்குப் புதுசு. எல்லாம் முடித்து, ஏழு கியரும் வெண்ணெயாக மாறுகிறது, நான் பர்ஸை எடுத்துவிட்டேன். "இருங்க" என்று சைக்கிளை மடக்கினார். விரித்தார். மறுபடி கியர் போட்டார். கரகர! திரும்ப வந்துவிட்டது. மடக்கும்போது கியர் கேபிள் கொண்டியைச் சுற்றி வளைகிறது, அந்த இடத்தில் வெளி உறை இழுபட்டு அதன் குழியிலிருந்து பாதி வெளியே வந்து, விரித்ததும் சரியாக உட்காரவில்லை. உறை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும், கேபிள் இழுப்பு மாறி, செயின் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்த பல்சக்கரத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு உரசும். உறை குட்டையாக வெட்டப்பட்டிருப்பதுதான் காரணம், புதிதாகக் கொஞ்சம் நீளம் கூட்டி வெட்ட வேண்டும், கேபிளும் அங்கே நைந்திருக்கிறது. அவரிடம் ஸ்டாக் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து வர இரண்டு நாள். வந்த பிறகு மாட்டி, ஐந்து தடவை மடக்கி விரித்து, ஒவ்வொரு தடவையும் ஏழு கியரையும் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்.

மொத்தம் 380 ரூபாய். கேபிளும் உறையும் 160, திருகு, வாஷர், எண்ணெய் 20, கூலி 200. நான் 500 கொடுத்தேன், மீதியை எண்ணிக் கையில் வைத்தார்.

குறை இல்லாமலா? இருக்கிறது. சாயந்தரம் தருகிறேன் என்றவர் மூன்றாம் நாள்தான் தந்தார், நடுவில் போன் எடுக்கவே இல்லை. சீட்டில் கிரீஸ் கை ரேகை, சோப்புப் போட்டும் முழுசாகப் போகவில்லை. காற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் அடிக்கிறார், மீட்டர் இல்லை. சின்ன டயரில் இது சரிவராது, எனக்கு அளவுக்கு மேல் கல் மாதிரி அடித்துவிட்டார், வீட்டில் வந்து இறக்கினேன். இன்னொன்று, நான் கேட்காமலே நடுக் கொண்டியின் தாழ்ப்பாளை இறுக்கிவிட்டார், பஸ் ஏறும் அவசரத்தில் ஒரு கையால் திறக்க முடியவில்லை. சொன்னதற்கு "இறுக்கமா இருந்தா நல்லதுதான தம்பி" என்றார். கொஞ்சம் நியாயம்தான், தளர்ந்த கொண்டி ஆபத்து. ஆனால் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் மூட வேண்டும், சுத்தியல் தேடக் கூடாது. இதில் நானும் அவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கியர் அரைப் படி பிசகியது. புது உறை படிந்து உட்காரும்போது இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார். போனேன், கேபிள் முனையில் இருக்கும் திருகு உருளையை அரைச் சுற்றுத் திருப்பினார், காசு வாங்கவில்லை. இப்போது மூன்று மாதம் ஆகிறது, பெரியகுளத்துக்கு ஆறு தடவை போய் வந்தாயிற்று, செயின் பக்கத்தைக் கீழே வைத்தாலும் அடிபடும் என்பதால் ஒரு பழைய தலையணை உறையில் வைக்கோல் திணித்து கியர்மேல் கட்டி, நிற்க வைத்தே ஏற்றுகிறேன். சத்தம் இல்லை. முன் பல்சக்கரத்தை 44 பல்லுக்கு மாற்றினால் ஏற்றத்தில் மூச்சு மிச்சமாகும், செயினில் நாலு கண்ணி வெட்டணும், யோசிச்சுச் சொல்லுங்க என்றிருக்கிறார். யோசிக்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள், வாடகை சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும், உங்களைப் பார்க்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விடுவார். காலை பத்து மணிக்கு மேல், மஞ்சு இறங்குவதற்கு முன்னால் போனால் நல்லது, கொட்டகைக்குள் ஒரே ஒரு பல்பு. சைக்கிளைக் கழுவிக்கொண்டு போக வேண்டாம், அழுக்கு எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். ஜிபே உண்டு, ஸ்கேன் செய்தால் மகன் பெயர் வரும், பயப்படாமல் அனுப்புங்கள்.